ஒரே கடை, ஒரே சங்கம், வேறு வேறு ஊதியம்

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம் மகனைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனின் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிக்கப்படுகிறது. ஆனால் அடுத்த கல்லாவில் நின்று அதே வேலையைச் செய்யும் மூத்த ஊழியருக்கு மணிக்கூலியும் கூடுதல், மருத்துவக் காப்பீடும் மேலானது. "இந்தச் சங்கம் பழைய ஆட்களுக்கு மட்டும்தானா? என் மகனுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்பது அவருடைய கேள்வி.

நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி அந்தச் சங்கம் உங்கள் மகனுக்கும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டது. அதே சமயம், அவரை மூத்தவரிடமிருந்து பிரித்து வைத்திருக்கும் கோடு பெரும்பாலும் அதே சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்த இரண்டும் ஒருங்கே எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ளாமல் சங்கத்தின் மீது கோபப்படுவதிலோ அதைக் கண்மூடி ஆதரிப்பதிலோ பயனில்லை.

தமிழ்நாட்டில் ஒரே போக்குவரத்துப் பணிமனையில் தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு. என்று பல சங்கங்கள் இருப்பதையும், அவரவர் தமக்குப் பிடித்த சங்கத்தில் சேர்வதையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்க முறை விளங்கச் சற்று நேரமாகும். அங்கே 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி, ஒரு 'பேர அலகு' என்று வரையறுக்கப்பட்ட ஊழியர்களில் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுக்கும் ஒரே சங்கம்தான் அந்த அலகிலுள்ள அனைவருக்கும் பிரதிநிதி. அதற்கு வாக்களித்தவர், எதிர்த்து வாக்களித்தவர், தேர்தல் முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் வேலைக்கு வந்தவர் என எல்லோருக்கும் அதுவே பேசும். வேறொரு சங்கத்தைக் கூட்டி வந்து தனியாகப் பேரம் பேச எவருக்கும் உரிமை இல்லை. தனி ஊழியர் ஒருவர் தாமே முதலாளியிடம் சென்று ஒப்பந்தத்துக்கு மாறான சம்பளத்தைப் பேசிக்கொள்ளவும் முடியாது.

இத்தனை பெரிய அதிகாரத்தை ஓர் அமைப்பிடம் கொடுத்தால் அது சிலரை ஒதுக்கிவிட்டுச் சிலருக்காக மட்டும் பேசினால் என்ன செய்வது என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. ரயில்வேயில் வெள்ளையர்களின் சங்கமே கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் பிரதிநிதியாக இருந்துகொண்டு, அவர்களை வேலையிலிருந்து வெளியேற்றும் ஒப்பந்தத்தைச் செய்தபோது, 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, பிரதிநிதித்துவ அதிகாரத்தைப் பெற்ற சங்கம் அனைவரையும் பாரபட்சமின்றிப் பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1967இல் வந்த இன்னொரு தீர்ப்பு, தன்னிச்சையாகவோ பாரபட்சமாகவோ தீய நோக்கத்துடனோ சங்கம் நடந்துகொண்டால் அது கடமை மீறல் என்று அளவுகோலைத் தெளிவாக்கியது. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையில் 1953இல் வந்த தீர்ப்புதான் உங்கள் மகனின் நிலைமையோடு நேரடித் தொடர்புடையது. எல்லோரையும் ஒரே அளவில் திருப்திப்படுத்துவது எந்தச் சங்கத்துக்கும் இயலாது, ஆகவே நியாயமான எல்லைக்குள் ஊழியர்களிடையே வேறுபாடு காட்டும் ஒப்பந்தம் செய்ய அதற்கு விரிந்த இடம் உண்டு என்றது அத்தீர்ப்பு. மூத்தவருக்கு ஒரு கூலி, புதியவருக்கு வேறொரு கூலி என்பது பொதுவாக இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனவே நீதிமன்றத்துக்குப் போய் இதை மாற்றிவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

மளிகைக் கடைக்குள் வருவோம். வாடிக்கையாளர் கண்ணுக்கு அனைவரும் ஒரே சீருடையில் தெரிந்தாலும், ஒப்பந்தப் புத்தகத்தைத் திறந்தால் அந்தக் கூரையின் கீழ் பல தளங்கள் இருப்பது தெரியும். பொருள்களைப் பையில் போட்டுக் கொடுத்து, வாகன நிறுத்தத்தில் கிடக்கும் தள்ளுவண்டிகளைச் சேர்த்து வருபவர் ஒரு வகை. அவருக்குத்தான் மிகக் குறைந்த கூலி, அவர் அலமாரியில் சரக்கு அடுக்கவே கூடாது என்று ஒப்பந்தமே சொல்லும். சோப்பு, பாத்திரம் போன்ற உணவல்லாத சரக்குகளை மட்டும் கையாளுபவர் இன்னொரு வகை. உணவுச் சரக்கை அடுக்குபவரும் கல்லாவில் நிற்பவரும் அதற்கு மேல் வகை. டெலி எனப்படும் சமைத்த உணவுப் பகுதியும் ரொட்டிப் பகுதியும் வேறு. இறைச்சி வெட்டுபவர்கள் பல இடங்களில் தனி ஒப்பந்தத்தின் கீழேயே இருக்கிறார்கள்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால், இதில் பாதியளவு தொழிலாளர்களின் தற்காப்புதான் என்பேன். குறைந்த கூலிக்காரரைக் கொண்டு உயர் கூலி வேலையைச் செய்வித்து மிச்சம்பிடிக்கும் வழியை அடைப்பதற்கே 'இவர் இதைத் தொடக்கூடாது' என்ற விதிகள் எழுதப்பட்டன. ஆனால் குறைந்த கூலியில் ஒரு வகையை உண்டாக்குவதற்குச் சங்கம் ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், கடை நிர்வாகம் அந்த வகையில் ஆட்களைப் பெருக்கிக்கொண்டே போகிறது. மேல் வகையில் ஓய்வு பெறுபவரின் இடம் நிரப்பப்படுவதில்லை. வேலி போட்டதாக நினைத்த இடமே வாசலாகிவிடுகிறது.

இறைச்சி வெட்டுபவர்களின் கதை இதற்கு நல்ல சான்று. கடை ஊழியர்களின் தேசியச் சங்கம் 1890இலும் இறைச்சித் தொழிலாளர் சங்கம் 1897இலும் தனித்தனியே தோன்றியவை. கத்தியைப் பிடித்துப் பல ஆண்டுகள் பழகிய கைவினைஞர்கள் தங்களைக் கல்லாக்காரர்களோடு ஒன்றாக நினைத்ததில்லை. அவர்களுக்கு நல்ல கூலியும் பேரம் பேசும் பலமும் இருந்தன. 1967 முதல் அயோவா பீஃப் பேக்கர்ஸ் நிறுவனம் மாட்டிறைச்சியைத் தொழிற்சாலையிலேயே துண்டுகளாக்கிப் பெட்டியில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கியபோது, கடையின் பின்னறையில் நடந்த திறன்மிக்க வேலையின் பெரும்பகுதி அங்கிருந்து நகர்ந்துவிட்டது. 1979இல் இரு சங்கங்களும் இணைந்து, இன்று யு.எஃப்.சி.டபிள்யூ. என்று அறியப்படும் ஐக்கிய உணவு, வணிகத் தொழிலாளர் சங்கம் உருவானது. அமைப்புகள் இணைந்தபோதும் பல ஊர்களில் ஒப்பந்தங்கள் இணையவில்லை.

தனித்து நிற்பதில் உள்ள ஆபத்தை 2000ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஜாக்சன்வில் ஊர் காட்டியது. அங்குள்ள வால்மார்ட் கடையின் இறைச்சிப் பிரிவு ஊழியர்கள் மட்டும் தனி அலகாக வாக்களித்து, ஏழுக்கு மூன்று என்ற கணக்கில் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரங்களுக்குள், முன்னரே வெட்டிப் பொதியப்பட்ட இறைச்சிக்கு மாறப்போவதாக அந்த நிறுவனம் ஏறத்தாழ 180 கடைகளுக்கு அறிவித்தது. இது முன்பே திட்டமிட்ட மாற்றம் என்று நிறுவனம் கூறியது, வழக்கும் நெடுங்காலம் நடந்தது. எப்படியானாலும், பத்துப் பேர் கொண்ட அலகின் கையிலிருந்த வேலையையே இல்லாமல் செய்துவிட முடிந்தது. கல்லாவும் அலமாரியும் சேர்ந்த முழுக் கடையை அப்படி ஒரே அறிவிப்பில் நீக்கிவிட முடியாது.

பிரிவுகள் பாலினத்தோடும் குடியேற்ற நிலையோடும் ஒட்டிக்கொள்வதையும் சொல்லாமல் விட முடியாது. லக்கி ஸ்டோர்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் தொடருக்கு எதிரான வழக்கில் 1992இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், பெண்களை டெலி, ரொட்டி, உணவல்லாத சரக்குப் பகுதிகளிலும் பகுதிநேர வேலைகளிலும் தேக்கிவைத்து, மேலாளர் பதவிக்கு ஏறும் பாதையாக இருந்த காய்கனி, மளிகைப் பகுதிகளுக்கு ஆண்களை அனுப்பியது பாரபட்சமே என்று கண்டது. பின்னர் பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வழக்கு முடிக்கப்பட்டது. இரவில் தரையைத் துடைத்தவர்களோ பல கடைகளில் கடையின் ஊழியர்களே அல்லர். ஒப்பந்ததாரர்களிடம் வேலை செய்த, பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவர்கள். கடைச் சங்கத்தின் ஒப்பந்தம் அவர்களைத் தொடவேயில்லை. உரிய ஊதியத்துக்காகத் தெற்குக் கலிஃபோர்னியாவில் அவர்கள் தனியாக வழக்காட வேண்டியிருந்தது.

இனி உங்கள் மகனின் ஊரிலேயே நடந்ததைப் பார்ப்போம், ஏனெனில் 'பழையவர், புதியவர்' என்ற பிளவு தெற்குக் கலிஃபோர்னியாவில் எப்படி வேரூன்றியது என்பது 2003ஆம் ஆண்டுப் போராட்டத்தை அறியாமல் புரியாது. அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று சேஃப்வே நிறுவனத்தின் வான்ஸ், பவிலியன்ஸ் கடைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மறுநாளே, க்ரோகர் நிறுவனத்தின் ரால்ஃப்ஸும் ஆல்பர்ட்சன்ஸும் தங்கள் ஊழியர்களைக் கதவடைப்புச் செய்து வெளியே நிறுத்தின. மூன்று நிறுவனங்களும் ஒன்றாகவே பேரம் பேசின. ஒன்றை மட்டும் தாக்கி மற்றவற்றுக்கு வாடிக்கையாளர்களைத் திருப்பிவிடும் பழைய உத்தி பலிக்காதபடி, போராட்டக் காலத்தில் வழக்கமான பங்கைவிடக் கூடுதலாக விற்றவர் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்து ஈடுசெய்வது என்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்த ஏற்பாடு போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் பின்னர் வழக்குத் தொடுத்தார். 850க்கும் மேற்பட்ட கடைகளில் ஏறத்தாழ 60,000 தொழிலாளர்கள் வீதியில் நின்றார்கள்.

நிறுவனங்கள் காட்டிய காரணம் வால்மார்ட். மளிகையும் விற்கும் அதன் மாபெரும் கடைகள் நாற்பதைக் கலிஃபோர்னியாவில் திறக்கப்போவதாக 2002இல் அறிவிப்பு வந்திருந்தது. சங்கமில்லாத அந்தக் கடைகளோடு போட்டியிட வேண்டுமானால் ஊதியச் செலவும் மருத்துவச் செலவும் குறைய வேண்டும் என்றார்கள். ஊழியர்கள் வாரத்துக்குச் சில டாலர் காப்பீட்டுக்குக் கட்டினால் என்ன குறைந்துவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் பேர மேசையில் இருந்த மெய்யான விஷயம், இனிமேல் வேலைக்கு வருபவர்களுக்குத் தனியாகக் குறைந்த ஊதிய அட்டவணையும் மிகக் குறைந்த காப்பீட்டு ஒதுக்கீடும் வைப்பது. அதாவது இரண்டு அடுக்கு.

போராட்டம் நான்கரை மாதம் நீடித்தது. வாடிக்கையாளர்கள் பெருமளவில் ஆதரித்தார்கள். ஏராளமானோர் மறியல் வரிசையைத் தாண்டிக் கடைக்குள் போகவில்லை. ஆனால் சங்கத் தலைமையின் சில முடிவுகள் தொழிலாளர்களுக்குள்ளேயே விரிசலை உண்டாக்கின. அக்டோபர் இறுதியில், பொதுமக்களுக்குப் பொருள் வாங்க ஓர் இடமாவது வேண்டும் என்று சொல்லி ரால்ஃப்ஸ் கடைகளின் முன்னிருந்த மறியலை விலக்கிக்கொண்டார்கள். தம் கடையின் வாசலிலிருந்து விலக்கப்பட்டு வேறு நிறுவனத்தின் கடை முன் நிறுத்தப்பட்ட ரால்ஃப்ஸ் ஊழியரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். அந்த ரால்ஃப்ஸ், கதவடைப்புச் செய்த தன் ஊழியர்களில் பலரையே போலிப் பெயர்களிலும் போலிச் சமூகப் பாதுகாப்பு எண்களிலும் இரகசியமாக மீண்டும் வேலைக்கு வைத்திருந்தது பின்னர் வெளிவந்தது. 2006இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதமும் தொழிலாளர்களுக்கான இழப்பீடுமாக ஏழு கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. கிடங்குகளிலிருந்து சரக்கு ஏற்றும் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தினர் நவம்பர் இறுதியில் சில வாரங்கள் மறியலை மதித்து வேலைக்குச் செல்லாமல் நின்றார்கள், பிறகு திரும்பினார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் சங்கம் கொடுத்த உதவித்தொகை குறைந்துகொண்டே போனது. காப்பீடும் நின்றுபோன குடும்பங்கள் தவித்தன.

2004 பிப்ரவரி இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் 86 விழுக்காட்டினர் புதிய ஒப்பந்தத்தை ஏற்றார்கள். அப்போது பணியிலிருந்தவர்கள் தங்கள் ஊதிய அட்டவணையைப் பெரும்பாலும் காத்துக்கொண்டார்கள். அதற்குப் பின் வருபவர்களுக்குக் குறைந்த அட்டவணை, காப்பீடு கிடைக்க ஓராண்டுக்கும் மேலான காத்திருப்பு, குடும்பத்தினரைச் சேர்க்க அதைவிட நீண்ட காத்திருப்பு என்று எழுதப்பட்டது.

இந்த வாக்கெடுப்பைத்தான் நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாக்களித்தவர்கள் நான்கரை மாதம் சம்பளமின்றி நின்ற மனிதர்கள். வீட்டு வாடகை கட்ட முடியாமல், சேமிப்பைத் தின்று தீர்த்தவர்கள். அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் முழுச் சுமையையும் தாங்கப்போகிறவர்கள் அன்று வாக்குச் சீட்டு இல்லாதவர்கள், சிலர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். இன்னும் வேலைக்கு வராதவருக்குப் பேர அலகில் இடமில்லை, கூட்டத்தில் குரலில்லை. இழப்பு ஏதேனும் ஏற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வரும்போது, அதை அவர் தலையில் இறக்கி வைப்பதே இருப்பவர்களுக்கு மிக எளிதாகிவிடுகிறது. நிர்வாகம் இதை நன்கு அறிந்தே இரண்டு அடுக்கை முன்வைக்கிறது. கூலியை இன்றே குறைக்கிறோம் என்றால் எதிர்ப்பார்கள், நாளை வருபவருக்குக் குறைக்கிறோம் என்றால் ஏற்பார்கள் என்பது அதன் கணக்கு.

அந்தக் கணக்கின் இரண்டாம் பாதி பிறகுதான் வெளிப்படுகிறது. அதே வேலைக்கு இரண்டு விலை இருந்தால், விலை கூடிய ஊழியரின் நேரத்தைக் குறைத்து விலை குறைந்தவருக்கு நேரம் கொடுக்கக் கடைமேலாளருக்குத் தூண்டுதல் ஏற்படுகிறது. மூத்தவர் தம் நேரத்தைப் பணி மூப்பு விதியைக் காட்டிக் காத்துக்கொள்கிறார். அதனால் புதியவருக்கு வாரத்தில் மிகக் குறைந்த மணி நேரமே மிஞ்சுகிறது. மூத்தவருக்குப் புதியவர் மலிவுப் போட்டியாகவும், புதியவருக்கு மூத்தவர் வழியை அடைத்து நிற்பவராகவும் தெரிகிறார்கள். இருவரும் ஒரே சங்க அட்டையை வைத்திருந்தாலும், அடுத்த வேலைநிறுத்தத்தில் ஒருவருக்காக ஒருவர் நிற்பார்களா என்ற ஐயம் எழுகிறது. உங்கள் மகன் உணரும் கசப்பு இங்கிருந்துதான் வருகிறது என்று கருதுகிறேன்.

ஆனாலும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. மளிகைக் கடையில் ஆட்கள் வேகமாக மாறுவார்கள். மூன்றே ஆண்டுகளில் இரண்டாம் அடுக்கினர் அலகில் பெரும் பங்காகிவிட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தாமல் சங்கத்தால் இன்னொரு போராட்டத்தை நினைக்கவே முடியாத நிலை வந்தது. ஊழியர்கள் விரைவில் விட்டு ஓடுவதால் கடைகளுக்கும் தொல்லை. 2007 தொடக்கத்தில் ஸ்டேட்டர் பிரதர்ஸ், கெல்சன்ஸ் ஆகிய கடைத்தொடர்கள் இரண்டு அடுக்கைக் கைவிடும் ஒப்பந்தங்களுக்கு இசைந்தன. ஜூலையில் மூன்று பெரிய நிறுவனங்களும் வழிக்கு வந்தன. புதியவர்களும் மேல் ஊதியத்தை எட்ட வழி பிறந்தது. காப்பீட்டுக்கான காத்திருப்பு ஆறு மாதமாகக் குறைந்தது. இழந்த அனைத்தும் திரும்பவில்லை. பணிக்காலத்தைப் பொறுத்த படிநிலைகளும், வேலை வகையைப் பொறுத்த வேறுபாடுகளும் இன்றும் இருக்கின்றன. எனினும் கீழ் அடுக்கு வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருந்தபோது கோடு நகர்ந்தது என்பது நடந்த உண்மை.

இனி 'என் மகனுக்கு என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு வருகிறேன். எந்த அடுக்குக்கும் கட்டுப்படாமல், சேர்ந்து சில வாரமே ஆனவருக்கும் முப்பது ஆண்டு பணி செய்தவருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் உரிமை ஒன்று உண்டு. அதன் பிறப்பிடமே டெக்சாஸின் வெய்ன்கார்ட்டன் என்ற கடைத்தொடர்தான். 1972இல் அங்கே உணவுக் கவுண்டரில் வேலை செய்த ஒரு பெண், 2.98 டாலர் கோழிப் பெட்டியை எடுத்துக்கொண்டு 1 டாலர் மட்டும் கல்லாவில் போட்டதாகக் குற்றஞ்சாட்டி விசாரிக்கப்பட்டார். சங்கப் பிரதிநிதியை அழையுங்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டும் மறுத்தார்கள். சிறிய பெட்டி தீர்ந்துபோனதால் ஒரு டாலர் மதிப்புள்ள கோழியைப் பெரிய பெட்டியில் வைத்து எடுத்ததாக அவர் சொன்னது உண்மை என்று தெரியவந்தது. அப்படியும் விடாமல், இலவசமாக மதிய உணவு சாப்பிட்டதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்க முயன்றார்கள், மேலாளர் உட்பட அந்தக் கடையில் பெரும்பாலோர் அப்படித்தான் சாப்பிட்டுவந்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது. 1975 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தண்டனை நேரக்கூடும் என்று நியாயமாக அஞ்சும் விசாரணையில் சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்று கேட்க ஊழியருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதை ஊழியரே வாய்விட்டுக் கேட்க வேண்டும். நிர்வாகம் தானாக நினைவூட்டக் கடமைப்பட்டதன்று. உங்கள் மகனுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.

அதோடு, தம் ஒப்பந்தப் புத்தகத்தின் பிரதியைச் சங்கப் பிரதிநிதியிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தாம் எந்த வகையில் பதிவு செய்யப்பட்டிருக்கிறார், அந்த வகைக்குரிய வேலையைத்தான் செய்கிறாரா, எத்தனை மணி நேரப் பணிக்குப் பின் அடுத்த ஊதியப் படிநிலை வருகிறது, காப்பீடு எப்போது தொடங்குகிறது ஆகியவற்றை அதில் பார்த்துக்கொள்ளட்டும். குறைந்த வகையில் பதிந்துவிட்டு உயர் வகை வேலையைச் செய்விப்பது கடைகளில் அடிக்கடி எழும் குறை. அந்த வேலைக்குரிய உயர் வகைக் கூலியைக் கோரிக் குறைதீர்ப்பு மனு கொடுக்கலாம், ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு, தாமதித்தால் உரிமை போய்விடும். ஒப்பந்தம் முடியும் தேதியும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கும். அதற்குப் பல மாதங்கள் முன்பே சங்கங்கள் உறுப்பினர்களிடம் கோரிக்கைகளைத் திரட்டத் தொடங்கும். அந்தக் கூட்டங்களுக்கு மூத்தவர்கள் தவறாமல் வருவார்கள். பகுதிநேர இளைஞர்கள் பெரும்பாலும் வருவதில்லை. உங்கள் மகன் தம்மோடு சேர்ந்த நாலைந்து பேரையும் அழைத்துக்கொண்டு போய், மேல் ஊதியத்தை எட்டுவதற்கான படிநிலைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், பகுதிநேர ஊழியருக்கு வாரத்துக்கு உறுதியான மணி நேரம் வேண்டும் என்ற கோரிக்கைகளைப் பட்டியலில் எழுத வைக்கட்டும். வாக்கெடுப்புக்கு வரும்போது, அந்த ஒப்பந்தத்தில் புதிதாக வருபவர்களுக்கென்று தனி அட்டவணை எதுவும் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே சீட்டைப் போடட்டும்.